அறுபத்து மூன்றாவது கணக்கு

"தெரியணும்மா. ஆனா தெரியக் கூடாது."

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க சார்."

"ரெண்டுந்தான். விடை அந்தந்த எடத்துலியே உக்காந்துக்கினு இருக்கணும். பசங்க கண்ணுக்குத் தெரியக் கூடாது. பின்னாடி இருக்கற என் பேரு மட்டும் பளிச்சினு தெரியணும். இதுல இன்னா கஷ்டம்?"

"அதான் வெள்ள எழுத்துல போட்டுக் குடுத்தேனே சார். வெள்ளத் தாள்ல வெள்ள எழுத்து தெரியாதில்ல?"

"தாள்ல தெரியல. என் பேரு மேல தெரியுதே! ஆனந்தராஜுங்கற பேர எலி கடிச்ச மாதிரி இருக்குது. நீ பாண்டில வெளிநாட்டுக்காரன் புக்கெல்லாம் பண்ணிக்கினு இருந்தவதான? வெள்ளக்காரன் கேட்டா முடியும், திண்டிவனத்தான் கேட்டா முடியாதா?"

பிராமி போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு தட்டைப் பார்த்தாள். ரசம் சோறு. ஓரத்தில் வாழைக்காய்ப் பொரியல். சுவர்க் கடிகாரத்தில் ஐந்து நாற்பது.

விழுப்புரத்தில் அவர்கள் வீட்டில் பொழுது சாய்ந்த பிறகு யாரும் சாப்பிடுவதில்லை. செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்த சமணக் குடும்பம். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு டவுனுக்கு வந்த பிறகும் அந்த வழக்கம் கூடவே வந்துவிட்டது. கார்த்திகை மாதத்தில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் வெளிச்சம் கிளம்பத் தொடங்கிவிடும். ஆனந்தராஜ் சாருக்கு இதெல்லாம் தெரியாது. ஆனாலும் அவள் தட்டில் கைவைக்கிற நேரத்தை யாரோ அவருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று சந்தேகப்படும்படி, தினமும் மிகச் சரியாக அப்போதுதான் அழைப்பார்.

"வைடி போன," என்றாள் அம்மா குணமதி, சமையலறையிலிருந்து. "அந்த ஆளு உன்னப் பட்டினி போட்டே கணக்கு முடிப்பாரு."

"யாரும்மா அது, பின்னாடி?"

"யாருமில்ல சார். டிவி."

சார் திண்டிவனத்தில் உரக்கடை மாடியில் கணக்கு டியூஷன் நடத்துகிறவர். பிளஸ் ஒன் பிள்ளைகள் நாற்பத்தொரு பேர். பாடப்புத்தகத்தையும் கைடுகளையும் நம்பாதவர். கணக்குகளைத் தானே உண்டாக்குவார். செஞ்சிக் கோட்டை உச்சியிலிருந்து ஒருவன் கீழே பார்ப்பான், ஏற்றக்கோணமும் இறக்கக்கோணமும் வரும். அனந்தபுரம் சந்தையில் ஒருத்தி மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்பாள், சராசரி வரும். அப்படி நூறு கணக்குகளைத் தீர்த்து, நடுநடுவே முக்கியமான வரிகளை மட்டும் மறைத்து, பிள்ளைகள் அவற்றை நிரப்பும்படி ஒரு பயிற்சிப் புத்தகம் வேண்டும் என்பது அவருடைய கனவு. ஒவ்வொரு பக்கத்திலும் அவர் பெயர் இளநீலத்தில் குறுக்காக, பின்னணியில், கண்ணாடி போல ஓட வேண்டும் என்பது அந்தக் கனவுக்குள் இன்னொரு கனவு.

முதலில் பிராமி விடைகள் வரும் இடத்தில் கோடு போட்டுக் கொடுத்தாள். "கோட்டு நீளத்தப் பாத்தே விடை எவ்ளோ பெருசுனு கண்டுபுடிச்சிடுவானுங்க" என்று திருப்பி அனுப்பினார். எல்லாக் கோட்டையும் ஒரே அளவாக்கினாள். "சின்ன விடைக்கு எதுக்கு இவ்ளோ பெரிய கோடு, பையன் பயந்துடுவான்" என்றார். கட்டம் போட்டாள். ஜெயில் மாதிரி இருக்கிறது என்றார். வெள்ளை எழுத்துக்கு மாறினாள். எலி வந்தது.

அவள் வேலை செய்வது லேடெக்கில். கணக்குப் புத்தகம் கோப்பதற்கென்றே பிறந்த அமைப்பு அது. எழுத்தை இழுத்துக் கொண்டுபோய் வைக்கிற வேலையெல்லாம் கிடையாது. கட்டளைகளைத் தட்டிக் கொடுத்தால் அதுவே பக்கத்தைக் கட்டிப் பிடிஎஃப்பாக வெளியே தரும். ஒரே ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனால் அறுபது பக்கமும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதில் எழுத்தை மறைத்து அதன் இடத்தை மட்டும் காலியாக வைத்திருக்கத் தனியாக ஒரு கட்டளை உண்டு. நாணயமான கட்டளை. எழுத்து கோப்பிலேயே இருக்காது, அதன் அளவுக்கு வெற்றிடம் மட்டும் இருக்கும். ஆனால் ஒரு வரிக்கு மேல் போனால் அது மடங்காது. நீளமான விடை தாளின் ஓரத்தைத் தாண்டி ஓடிவிடும். சாருடைய விடைகள் எதுவும் ஒரு வரியில் நிற்பவை அல்ல.

அன்றைக்குத் தட்டு ஆறிக்கொண்டிருந்தது. சன்னலில் வெளிச்சம் மஞ்சளிலிருந்து சாம்பலுக்குப் போய்க்கொண்டிருந்தது. பாதி படித்த மொழிபெயர்ப்பு நாவல் ஒன்று மேசையில் கவிழ்ந்து கிடந்தது. அதில் பனி பெய்யும் ஊரில் ஒருவன் மூன்று நாளாக ரயிலுக்குக் காத்திருந்தான். அவன் பாடு தேவலை, யாரும் அவனுக்குப் போன் செய்யவில்லை.

"சார், எழுத்த கண்ணாடி மாதிரி ஆக்கிடறேன்," என்றாள் திடீரென்று. "முழுசா ஊடுருவற மாதிரி. விடை அங்கியே இருக்கும், பின்னாடி இருக்கற உங்க பேரு அதுக்குள்ளாற தெரியும். ஒரே ஒரு எண்ணுதான். ஒண்ணுனு போட்டா எழுத்து தெரியும், அது உங்க காப்பி. சைபர்னு போட்டா தெரியாது, அது பசங்க காப்பி."

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

"பிரிண்ட்டுக்குத்தான சார்?"

"பின்ன? பிரிண்ட்டுதான்."

அப்படித்தான் முடிந்தது. அன்றைக்கு அவள் நான்கு வாய் சாப்பிட்டாள்.

அடுத்த பத்து நாளில் நூறு கணக்கையும் கோத்தாள். சாரின் கையெழுத்து நோட்டை வாட்ஸ்அப் படங்களாகப் பார்த்துத் தட்ட வேண்டும். அவருடைய ஏழு ஒன்று மாதிரி இருக்கும், ஒன்று அடிக்கோடு மாதிரி இருக்கும். அறுபத்து மூன்றாவது கணக்கு வந்தபோது நின்றாள். அமாவாசையன்று திண்டிவனத்திலிருந்து மேல்மலையனூருக்கு ஏழு பஸ் புறப்படுகின்றன. நான்கு நண்பர்கள் எத்தனை வகையில் பயணம் செய்யலாம்? சாரின் விடை எண்ணூற்று நாற்பது. ஆளுக்கு ஒரு பஸ் என்று வைத்தால் ஏழு, ஆறு, ஐந்து, நான்கு, பெருக்கினால் அது சரிதான். ஆனால் ஆளுக்கு ஒரு பஸ் என்று கேள்வியில் எங்கேயும் இல்லை. அமாவாசைக் கூட்டத்தில் மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற எந்த நாலு பேரும் நாலு பஸ்ஸில் ஏறுகிறவர்கள் இல்லை. சாரைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. தன் தட்டு நேரம் தவிர வேறெப்போது அவரைப் பிடிக்க முடியும் என்று அவளுக்குத் தெரியாது. மறந்துவிடாமல் இருக்க, விடை வரும் இடத்திலேயே ஒரு குறிப்பு தட்டி வைத்தாள்: 'ஒரே பஸ்ஸில் ரெண்டு பேர் ஏறலாமா? சாரைக் கேட்கணும்.'

கேட்கவில்லை. மறுநாளே சார் ஜல்தி ஜல்தி என்று குதித்தார். அரையாண்டு விடுமுறை தொடங்குவதற்குள் பிள்ளைகள் கையில் இருக்க வேண்டும். பிராமி இரண்டு பிடிஎஃப் அனுப்பினாள், சாருக்கு ஒன்று என்று போட்டது, பிள்ளைகளுக்குச் சைபர் என்று போட்டது. கடைசிப் பக்கத்தின் அடியில், எல்லா டிடிபிக்காரர்களும் போடுவது போல, 'கணினிக் கோப்பு: பிராமி, விழுப்புரம்' என்று போட்டுப் போன் நம்பரையும் சேர்த்தாள்.

*

பொங்கல் கழிந்த வெள்ளிக்கிழமை, ஐந்தரைக்கு, போன் வந்தது.

"பிராமி! நாப்பது பேரு!"

"சார், சாப்..."

"நாப்பது பேரும்மா! தொண்ணூத்தெட்டு, தொண்ணூத்தொம்போது, நூறு! நூறு கணக்கும் நானே போட்டது. எந்த கைடுலயும் இல்ல, எந்த யூடியூபுலயும் இல்ல. யார்கிட்ட பாத்து எழுதுவான்? அவனவனே போட்டிருக்கான். இருவத்தஞ்சு வருஷமா டியூஷன் எடுக்கறேன், இப்படி ஒரு பேட்ச் வந்ததில்ல. பேனர் அடிச்சிட்டேன்."

"என்ன பேனர் சார்?"

"பிளெக்ஸுதான். பாலத்துக்குக் கீழ. நாப்பது மூஞ்சியும் போட்டு. நடுவுல நான்."

நாற்பத்தொரு பேரில் நாற்பது என்றால் ஒன்று குறைகிறதே என்று பிராமி கேட்டாள். கேட்காமல் சாப்பிட்டிருக்கலாம்.

"அது ஓமந்தூர் பொண்ணு, கவிதா. எழுபத்தொண்ணு. நான் அவமேல எவ்ளோ நம்பிக்க வெச்சிருந்தேன் தெரியுமா? போர்டுல போடறதுக்குள்ள உக்காந்த எடத்துலருந்து விடை சொல்லும். இன்னா ஆச்சினு தெரியல. ஸ்பெஷல் பேட்சுக்கு இருபது சீட்டுதான் வெச்சிருந்தேன். நாப்பது பேரு மேல வந்தா யார வுடறது? நாப்பதா ஆக்கிட்டேன். அவள மட்டும் ஆர்டினரிக்கு மாத்திட்டேன். திங்கக்கெழம கிளாஸ் ஆரம்பம். அதுக்குள்ள அந்த நாப்பது பேரு லிஸ்ட்ட நீதான் அடிச்சித் தரணும்."

ஸ்பெஷல் பேட்ச் என்றால் சாரே எடுப்பார். கட்டணம் கிடையாது. காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம், நுழைவுத் தேர்வு வரைக்கும். ஆர்டினரி என்றால் சாரின் மச்சான் குமரேசன் எடுப்பார். குமரேசன் கைடைக் கையில் வைத்துக்கொண்டு போர்டில் பார்த்து எழுதுகிறவர். பக்கம் ஒட்டிக்கொண்டால் ஒரு கணக்கின் தலையும் இன்னொரு கணக்கின் வாலும் சேர்ந்து போர்டில் வந்துவிடும் என்று சாரே ஒருமுறை சிரித்துச் சொல்லியிருக்கிறார்.

போனை வைத்துவிட்டு ஒரு வாய் எடுத்தாள். மறுபடி அடித்தது. தெரியாத நம்பர்.

"அக்கா, விழுப்புரம் பிராமிக்காங்களா? புக்குல நம்பர் போட்டிருந்துச்சி. நான் ஓமந்தூர்லருந்து கவிதா பேசறேன்."

பிராமி கையிலிருந்த சோற்றைத் தட்டில் போட்டாள்.

"ஒரு சந்தேகங்க்கா. எனக்கு வந்த புக்குல வரி எதுனா வுட்டுப்போச்சிங்களா? எங்கப்பா போன்ல வாட்ஸ்அப் வராது, பட்டன் போனு. அதனால ஃபிரண்டு போன்லருந்து ஜெராக்ஸ் கடையில பிரிண்ட் எடுத்துக்கினேன். அறுபத்து மூணாவது கணக்குல நெறைய பேரு ஒரு வரி எழுதியிருக்காங்க. என்னுதுல அந்த வரியே இல்லீங்க்கா."

"என்ன வரி?"

"'ஒரே பஸ்ஸில் ரெண்டு பேர் ஏறலாமா? சாரைக் கேட்கணும்.' அப்பறம் எனவே போட்டு எண்ணூத்தி நாப்பது. பத்தொம்போது பேரு அப்படியே எழுதியிருக்காங்க. சார் அத கிளாஸ்ல படிச்சிக் காமிச்சாரு. சந்தேகம் வந்தா கேக்கணும்ங்கற புத்தி இருக்குது பாருன்னு அவங்களுக்கு 'குட்' போட்டாரு. எனக்குத் தப்பு போட்டுட்டாரு."

பிராமி தட்டைத் தள்ளி வைத்தாள்.

"நீ என்ன விடை எழுதின?"

"ரெண்டாயிரத்தி நானூத்தி ஒண்ணுங்க்கா. ஏழ நாலு தடவ பெருக்கினேன். அமாவாசைக்கு யாருங்க்கா தனித்தனி பஸ்ல போவாங்க? இருக்கற பஸ்ல தொத்திக்கினுதான போவாங்க?"

"பசங்களுக்கு எப்படிக் குடுத்தாரு சார்? பிரிண்ட்டா?"

"இல்லீங்க்கா. லீவு வுட்டுட்டாங்கன்னு சார் வாட்ஸ்அப் குரூப்புல போட்டுட்டாரு."

போன் வைக்கப்பட்டதும் பிராமி தன் போனில் அந்தப் பிடிஎஃப்பைத் திறந்தாள். அறுபத்து மூன்றாவது கணக்கின் வெற்றிடத்தில் விரலை அழுத்தி வைத்தாள். வெறுமையாகக் கிடந்த இடத்தில் நீலப் பட்டை ஒன்று புரண்டு எழுந்தது. நகலெடுத்து, அம்மாவுக்கு அனுப்புகிற செய்திப் பெட்டியில் ஒட்டினாள். கறுப்பு எழுத்தில், அவளுடைய சொந்த வாசகம், ஒரு எழுத்துப் பிசகாமல் வந்து நின்றது. சமையலறையிலிருந்து குணமதி எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி ஆச்சி? பொழுது போயிடுச்சி. எடுத்து வெச்சிடவா தட்ட?"

"வெச்சிடும்மா."

கண்ணாடிக்குப் பின்னால் பொருளை வைத்துவிட்டு ஒளித்துவைத்தேன் என்று சொல்லியிருக்கிறாள். கண்ணுக்கு மட்டும்தான் சைபர். கோப்புக்குள் ஒவ்வொரு எழுத்தும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. பாண்டிச்சேரியில் நான்கு வருடம் இதே வேலை பார்த்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். பிரிண்ட்டுதான் என்று சொன்னாரே! சொன்னார். சொன்னதை நம்பினது யார்? அந்த நாணயமான கட்டளையை வரிவரியாக வெட்டிப் போட்டிருந்தால் இரண்டு நாள் கூடப் பிடித்திருக்கும். நாலு வாய் சோற்றுக்காக ஒரு சைபரைப் போட்டாள்.

சாரை அழைத்தாள். எடுத்தார். அதுவே அதிசயம்.

"சார், பசங்க விடையக் காப்பி எடுத்துட்டாங்க. எழுத்து தெரியலயே தவிர உள்ள இருக்கு."

"தெரியல இல்ல?"

"தெரியல. ஆனா..."

"தெரியலன்னா எப்படிமா பாத்தான்?"

"பாக்கல சார். செலக்ட் பண்ணி..."

"பாக்காம எப்படி எழுதுவான்? நீ இன்னா பேஜாரு பண்ணிக்கினு இருக்கற? நல்ல நாள் அதுவுமா." வைத்துவிட்டார்.

*

கவிதாவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொல்லி, நேரில் வருவதாகவும் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மதியம் பஸ் ஏறினாள். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் இருபது நிமிடம் நின்றது. பொங்கலுக்கு வந்தவர்களெல்லாம் சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். டப்பாவில் தயிர் சோறு கட்டிக் கொடுத்திருந்தாள் அம்மா. "அஞ்சரைக்குள்ள எங்கியாவது ஒக்காந்து தின்னுடு. அந்த ஆளு மூஞ்சியப் பாத்துக்கினே நிக்காத."

திண்டிவனத்தில் பாலத்துக்குக் கீழே பேனர் இருந்தது. சாருக்கு நாற்பது அடி தூரத்திலிருந்தே தெரிகிற மீசை. சுற்றி நாற்பது முகங்கள் வட்டமாக, சூரியனைச் சுற்றும் கிரகங்கள் போல. 'இமயம் தொட்ட நாற்பது' என்று எழுதியிருந்தது. வலது கீழ் மூலையில் ஒரு முகம் அளவுக்குக் காலி இடம் விட்டு, அதில் ஒரு பூச்செண்டு படத்தை வைத்து நிரப்பியிருந்தார்கள். நாற்பத்தொன்றுக்கு வடிவமைத்து, பிறகு ஒன்றை எடுத்திருக்கிறார்கள் என்று கோப்பு வேலை தெரிந்த யாருக்கும் புரியும். பிராமி அந்தப் பூச்செண்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

உரக்கடை மாடி. வகுப்பில் சாரும் குமரேசனும் பெஞ்சுகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நாற்பது பேருக்கு இடம் போதவில்லை. கடைசி பெஞ்சில் ஒரு மூட்டை போல, நிரப்பிய பயிற்சித் தாள்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. சன்னல் பக்கம் நீலத் தாவணியில் ஒரு பெண் நின்றிருந்தாள். ஒல்லி. கையில் நூலால் தைத்த ஜெராக்ஸ் கட்டு.

"அக்கா, நான்தாங்க்கா கவிதா. நீங்க வரேன்னு சொன்னீங்களே, அதான் வந்தேன்."

"நீ எதுக்கு இவள வரச் சொன்ன?" என்றார் சார். "நாளைக்கு ஆர்டினரி பேட்சுக்கு வந்தாப் போதும்னு சொல்லியிருந்தேனே."

"சார், உங்க போனக் குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்க சார்."

பிராமி அவர் போனிலேயே அவர் அனுப்பிய பிடிஎஃப்பைத் திறந்தாள். முதல் கணக்கின் வெற்றிடத்தை அவரிடமே காட்டி, விரலை வைக்கச் சொன்னாள். வைத்தார். "அழுத்துங்க. எடுக்காதீங்க." அழுத்தினார். நீலப் பட்டை எழுந்தது. "காப்பி அமுக்குங்க." அமுக்கினார். "இப்ப உங்க சம்சாரத்துக்கு மெசேஜ் போடற எடத்துல ஒட்டுங்க." ஒட்டினார்.

அவருடைய சொந்த விடை, அவர் கையெழுத்து நோட்டில் இருப்பது போலவே, எனவேயோடு வந்து நின்றது. சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். இரண்டாவது கணக்கை அழுத்தினார். மூன்றாவதை அழுத்தினார். அவர் நூறையும் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் விடுவார் என்று தோன்றியதும் பிராமி அறுபத்து மூன்றாவதைத் திறந்து கொடுத்தாள்.

"'ஒரே பஸ்ஸில் ரெண்டு பேர் ஏறலாமா? சாரைக் கேட்கணும்,'" என்று படித்தார். "இது பசங்க எழுதினதுதான?"

"நான் எழுதினது சார். எனக்கு நானே எழுதி வெச்ச குறிப்பு. உங்களக் கூப்புட்டேன், நீங்க எடுக்கல. அப்பறம் அந்தக் குறிப்ப அழிக்க மறந்துட்டேன். அதையும் சேத்து எழுதியிருக்காங்க. உங்க காப்பியில அது கறுப்பாவே இருக்குது. நீங்க தெறக்கவே இல்ல."

"எனக்கு எதுக்கு அது? என் நோட்டு இருக்குது."

குமரேசன் கடைசி பெஞ்சுக்குப் போய், தாள்களைப் புரட்ட ஆரம்பித்தார். அங்கங்கே அடக்கமுடியாமல் ஒரு சிரிப்பு வந்து, இருமலாக மாறியது. "மாமா, ஒருத்தன் 'சாரைக் கேட்கணும்'ன்றதுக்கு அடியில கோடு வேற போட்டிருக்கான்."

"நீ வாய மூடுடா!"

சார் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்தார். பிறகு பிராமியைப் பார்த்தார். "உன்ன யாரு கண்ணாடி ஆக்கச் சொன்னது?"

"தெரியணும், தெரியக் கூடாதுன்னு நீங்கதான..."

"நான் ஆயிரம் கேப்பேன்! நீதான படிச்சவ? முடியாதுன்னு சொல்றதுக்கு இன்னா?"

"தப்பு என்னுதுதான் சார். அதச் சொல்லத்தான் பஸ் ஏறி வந்தேன். நான் அந்த சைபரப் போட்டிருக்கக் கூடாது. நீங்க அத வாட்ஸ்அப்புல போட்டிருக்கக் கூடாது. ஆனா ரெண்டு பேருக்கும் நடுவுல இந்தப் பொண்ணு எதுக்கு ஆர்டினரிக்குப் போவணும்? இங்க இருக்கற நாப்பத்தியோரு பேர்ல கணக்கப் போட்டது இவ ஒருத்திதான். எழுபத்தொண்ணும் அவளே வாங்குனது. அறுபத்து மூணையும் சேத்தா எழுபத்திரண்டு."

"அது எப்படி? எண்ணூத்தி நாப்பதுதான் சரி."

"ஆளுக்கு ஒரு பஸ்ஸுன்னு கேள்வியில எங்க சார் இருக்கு?"

சார் போர்டுக்குப் போய்ச் சாக்பீசை எடுத்தார். ஏழு என்று எழுதினார். மறுபடி ஏழு என்று எழுதினார். நான்காவது ஏழில் கை நின்றது. அமாவாசைக் கூட்டத்தில் அவரும் தொற்றிக்கொண்டு போயிருக்கத்தான் வேண்டும்.

"உனக்கு இந்த விஷயம் தெரியுமா?" என்று கவிதாவிடம் திரும்பினார். "உன் ஃபிரண்டுங்க எல்லாம் காப்பி எடுத்தது?"

"அக்கா போன்ல சொன்னப்பறந்தான் சார் தெரியும்."

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா?"

கவிதா யோசித்தாள். "தெரியல சார். டச் போனு இருந்திருந்தா நானும் அழுத்திப் பாத்திருப்பனோ என்னமோ."

குமரேசன் மறுபடி இருமினார். பிராமிக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போனது, கோபமும் வந்தது. ஜெயித்துக்கொண்டிருக்கும்போது இப்படியா உண்மை பேசுவாள் ஒருத்தி?

சார் சன்னலருகே போய் நின்றார். அங்கிருந்து பாலத்தின் ஓரமும் பேனரின் பின்பக்கக் கம்புகளும் தெரியும். சன்னலுக்கு வெளியே வெயில் சரிந்து, கம்பிகளின் நிழல் பெஞ்சுகளுக்குமேல் நீண்டுவிட்டிருந்தது. பிராமி டப்பாவைப் பையிலேயே வைத்திருந்தாள். ஐந்தேகால்.

"இன்னா பண்ணலாம்னு சொல்றேன்," என்று திரும்பியபோது சாரின் குரல் வேறாகிவிட்டிருந்தது, பேரம் பேசுகிற குரல். "பேனர எறக்க முடியாது. நாப்பது வீட்டு அப்பன் அம்மாவும் வந்து போட்டோ எடுத்துக்கினு போயிட்டாங்க. பசங்க எல்லாம் காப்பி அடிச்சானுங்கன்னு நான் வாயத் தெறந்தேன்னு வை, மொதல்ல சிரிக்கப்போறது என்னப் பாத்துதான். அதனால, இவளும் ஸ்பெஷல்ல வந்து உக்காந்துக்கட்டும். கடைசி பெஞ்சுல. லிஸ்ட்டுல பேரு வேணாம். ஏன் எழுபத்தொண்ணுக்குக் குடுத்தேன்னு நாலு பேரு கேப்பான். பேர் இல்லாம வரட்டும், போவட்டும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். பிராமி, லிஸ்ட்ட அப்படியே நாப்பதோட வெச்சிடு. இன்னா?"

"அதாவது, இருக்கணும், ஆனா தெரியக் கூடாது," என்றாள் பிராமி.

"அதே! உனக்கு நான் சொல்றது எப்பவும் பட்டுனு புரியும்."

பிராமிக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறியது. இரண்டு மாதமாகத் தட்டு தட்டாக ஆறிப்போன சோறெல்லாம் ஒன்றுசேர்ந்து தொண்டைக்கு வந்தது போல இருந்தது. "சார், நான் அந்த லிஸ்ட்டத் தொட மாட்டேன்," என்றாள். "நாப்பத போட்டுத் தர வேற ஆளப் பாருங்க. நாப்பத்தியொண்ணுன்னா இன்னிக்கே போட்டுத் தர்றேன், அவ பேரு எல்லாத்துக்கும் மேல கறுப்பா இருக்கும்."

"மெரட்டறியா?"

"ஆமா சார்."

"வெள்ளக்காரனுக்கு வேல செஞ்சிட்டு வந்தா இப்படித்தான்," என்றார் சார், குமரேசனிடம். குமரேசன் தாள்களுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

அதுவரை சன்னலை விட்டு அசையாத கவிதா நடுவில் வந்தாள். நூலில் தைத்த ஜெராக்ஸ் கட்டைச் சாருடைய மேசையில் வைத்தாள். ஓரங்கள் சுருண்டு, இரண்டு மூன்று பக்கங்களில் மஞ்சள் கறை. விடை வர வேண்டிய இடங்களில் எல்லாம் பென்சிலில் எழுதி, அழித்து, மறுபடி எழுதி, தாளே மெலிந்து அடுத்த பக்கம் தெரிகிற அளவுக்கு ஆகியிருந்தது. சார் அதை எடுத்துப் புரட்டினார். இந்த முறை மெதுவாக.

"அக்கா எனக்காகச் சண்ட போட வேணாங்க்கா," என்றாள். பிறகு சாரைப் பார்த்தாள். கண் கீழே போகவில்லை.

"சார், பேரு இல்லாம உக்கார எனக்குப் புடிக்கல. சும்மா மேல தூக்கி வெக்கவும் வேணாம். நாளைக்குக் காலையில நாப்பத்தியோரு பேரையும் உக்கார வெச்சி, போன வெளிய வாங்கி வெச்சிட்டு, ஆளுக்கு ஒரு வெறுந்தாளக் குடுத்து, நீங்க போர்டுல எழுதிப் போட்டு, புதுசா ஒரு டெஸ்ட்டு வைங்க சார்."